யுத்தம் வந்தால் நெல்லுக்கு என்ன ஆகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சிமருந்து என்றுதான் இந்த நேரத்தில் வழக்கமாகக் கேட்பீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். யுத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "பீரங்கிக்கும் ஏர்க்காலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே சம்பந்தம் இருக்கிறது.

1939 முதல் 1945 வரை இரண்டாவது உலக யுத்தம் நடந்தது. நம்ம பக்கத்து வயல்காட்டில் சண்டை நடக்கவில்லை. ஆனாலும் நெல் விலை, நிலத்துக் கடன், கூலி, கட்டுகிற துணி, கையில் புரளுகிற காசு எல்லாவற்றையும் அது மாற்றிவிட்டுப் போயிற்று. இன்றைக்கு நாம் கையில் வைத்திருக்கும் ரேஷன் கார்டும், அறுவடை முடிந்ததும் மூட்டையோடு போய் நிற்கிற கொள்முதல் நிலையமும் அந்த யுத்த காலத்தில் வேர்விட்டவைதான். அது எப்படி என்று பார்ப்போம்.

பர்மா அரிசி நின்றது

யுத்தத்துக்கு முன்னால் உலகத்திலேயே ஜாஸ்தியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் வெளியே போகும். அதில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வரும். சென்னை ராஜதானி, மலையாளச் சீமை, வங்காளம், கடல் தாண்டி இலங்கை, எல்லா இடத்திலும் ஏழைகள் வாங்கிய மலிவு அரிசி பர்மா அரிசிதான். அங்கே விளைச்சலுக்குப் பணம் கொடுத்து வாங்கியவர்களில் நம்ம செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் முக்கியமானவர்கள். 1930களில் விலை விழுந்து பர்மா விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அத்தோடு அரிசிக் கப்பல் நின்றது. அங்கே பிழைக்கப் போயிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடு மலை வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். செட்டிமார்கள் விட்டுவந்த நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்ததும் 1948ல் அங்கே நில தேசியமயச் சட்டம் வந்துவிட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். இந்தியா முழுவதும் விளைகிற அரிசியோடு ஒப்பிட்டால் பர்மாவிலிருந்து வந்தது சிறு பங்குதான். அது நின்றதற்கா இத்தனை அமளி? ஆமாம். ஏனென்றால் விளைகிற நெல்லில் பெரும்பகுதி குதிருக்குப் போய்விடும், விதைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். சந்தைக்கு வருவது மீதிதான். வாங்கிச் சாப்பிடுகிறவன் நம்பியிருப்பது அந்த மீதியை. அதில் ஒரு பங்கு குறைந்தால் போதும், விலை துள்ளிக் குதிக்கும். விலை ஏறும் என்று தெரிந்தவுடன் வியாபாரி பதுக்குவான். ஒவ்வொரு மாகாணமும் "எங்கள் தானியம் வெளியே போகக் கூடாது" என்று எல்லையை அடைக்கும். அப்படியேதான் நடந்தது.

நோட்டு பெருகியது

இதற்கு நடுவே பணம் வெள்ளமாக வந்தது. யுத்தம் துவங்கும்போது சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், முடியும்போது 25 லட்சம் பேராகியிருந்தது. அவர்களுக்குச் சாப்பாடு, துணி, பூட்ஸ், கூடாரம் எல்லாம் இங்கேதான் வாங்கினார்கள். அந்தச் செலவில் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் சர்க்கார் லண்டனில் கணக்கு எழுதி வைத்துக்கொண்டது. "யுத்தம் முடிந்ததும் தருகிறோம்" என்ற மாதிரி. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி நோட்டு அச்சடித்தது. 1939ல் 200 கோடி ரூபாய்க்குள் இருந்த நோட்டுப் புழக்கம், 1945ல் 1,100 கோடியைத் தாண்டியது. சரக்கு பெருகவில்லை, நோட்டு மட்டும் ஆறு மடங்கு. சாமான்களின் மொத்த விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

காசுகூட மாறியது. வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1940ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943ல் நடுவில் ஓட்டை போட்டுக் காலணா அடித்தார்கள். பெரியவர்கள் "ஓட்டைக் காலணா" என்று சொல்வது அதைத்தான். ரேஷன், கண்ட்ரோல், பர்மிட், கியூ, பிளாக் மார்க்கெட் என்ற வார்த்தைகளெல்லாம் பட்டிதொட்டி வரை பழகிப்போனதும் அந்த நாளில்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. லண்டனில் எழுதி வைத்த கணக்கு கடைசியில் 1,700 கோடி ரூபாய் அளவுக்கு வந்தது. அதுவரை நாம் பிரிட்டனுக்குக் கடன்பட்டவர்கள். யுத்தம் முடிந்தபோது பிரிட்டன் நமக்குக் கடன்பட்டிருந்தது. நாடு கடன் கொடுத்தவனாக மாறியது நல்ல சேதிதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடனை யார் வயிற்றைக் கட்டிக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

வங்காளத்தில் நடந்தது

ரொம்பவும் அடிபட்டது வங்காளம். ஜப்பான்காரன் கடல் வழியாக வந்தால் அவனுக்குப் பயன்படக் கூடாது என்று, 1942ல் கடலோர ஜில்லாக்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆறும் கால்வாயுமான ஊரில் படகு போனால் வண்டியும் மாடும் போன மாதிரி. உபரி நெல்லையும் அப்புறப்படுத்தினார்கள். அதே வருஷம் அக்டோபரில் மிதுனாபுரிப் பக்கம் பெரும் புயல் அடித்துக் கடல் நீர் வயலுக்குள் புகுந்தது. நெல்லில் பழுப்புப் புள்ளி நோயும் சேர்ந்துகொண்டது.

கல்கத்தாவில் ஒரு வங்காள மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். எட்டே மாதத்தில் இந்த ஏற்றம்! யுத்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கும் சர்க்கார் ஊழியர்களுக்கும் மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. பஞ்சச் சட்டப்படி "பஞ்சம்" என்று அறிவிக்கவும் இல்லை. ஜனங்கள் கல்கத்தாவுக்கு நடந்து போய்த் தெருவில் விழுந்து செத்தார்கள். 1943 அக்டோபரில் வேவல் பிரபு வைஸ்ராயாக வந்து ராணுவத்தைக் கொண்டு தானியம் அனுப்பிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் அடங்கியது. செத்தவர்கள் 15 லட்சம் என்றது விசாரணைக் கமிஷன். பின்னால் கணக்கெடுத்த அறிஞர்களில் சிலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

யார் செத்தார்கள்? இதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். 1981ல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயத்தைக் காட்டினார். 1943ல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சம் இல்லாத 1941ல் இருந்ததைவிடக் குறைவில்லை என்றார். இந்தக் கணக்கில் அறிஞர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஆனால் யார் செத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. காசுக்குக் கூலி வேலை செய்தவன், மீன் பிடிப்பவன், படகோட்டி, நெல் குத்திப் பிழைத்த பெண், முடி திருத்துபவர் ஆகியோர்தான். சோற்றுக்கே வழியில்லாத ஊரில் யார் காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்வார்கள்? அவர்கள் வேலைக்குக் கிடைத்த காசு அரிசி விலையை எட்டிப் பிடிக்கவில்லை. விளைச்சலில் பங்காக நெல் வாங்கிய வாரதாரன் அவ்வளவு மோசமாக அடிபடவில்லை. நெல்லாகக் கையில் வந்தவனுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

கடன் யாருக்குத் தீர்ந்தது?

நம்ம ராஜதானிக்கு வருவோம். இங்கே வங்காளம் மாதிரி கோர சாவு இல்லை. ஆனால் அதே பாகுபாடு வேறு ரூபத்தில் வந்தது. 1930களில் நெல் விலை விழுந்து நிலக்காரர்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். 1938ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் நெல் விலை ஏறியதும், பழைய கடனை அடைப்பது சுலபமாயிற்று. முன்பு பத்து மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடன் நாலைந்து மூட்டையில் அடைந்தது.

யுத்தம் முடிகிற நேரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நாராயணசாமி நாயுடுவை வைத்துச் சென்னை சர்க்கார் கிராமக் கடனைக் கணக்கெடுத்தது. 1939ஐவிட 1945ல் மொத்தக் கடன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் பெரிய நிலக்காரரின் கடன்தான் வெகுவாகக் குறைந்திருந்தது. விற்க நெல் இல்லாத கூலியாட்களின் கடன் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது! ஒரே ஊர், ஒரே தெருவு, ஒரே விலை ஏற்றம். ஒருவருக்கு அது கடன் தீர்த்த காலம், இன்னொருவருக்குக் கடன் வாங்கிய காலம். யுத்தம் சமுதாயத்தை மாற்றுகிறது என்றால் இப்படித்தான் மாற்றுகிறது. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை.

ரேஷனும் கொள்முதலும்

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் ரேஷன். 1943ல் பம்பாயிலும் சென்னையிலும், 1944 ஜனவரி கடைசியில் கல்கத்தாவிலும் வந்தது. ரேஷன் கடைக்கு அரிசி வேண்டுமே? அதற்காக விவசாயியிடம் நிர்ணய விலையில் நெல் எடுத்தார்கள். ஜில்லா விட்டு ஜில்லா நெல் போகப் பர்மிட் வேண்டும். விவசாயிகளுக்கு மனக்குறை இருந்தது. "நெல்லுக்கு மட்டும் சர்க்கார் விலை, கலப்பை இரும்பும் மண்ணெண்ணெயும் துணியும் கள்ள மார்க்கெட் விலையா?" என்ற கேள்வி நியாயமான கேள்விதான். அதே சமயம் "அதிக உணவு உற்பத்தி" இயக்கம் 1942ல் துவங்கியது. ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த குட்டை இழைப் பருத்திக்கு மார்க்கெட் போய்விட்டதால், அந்த நிலங்களில் தானியம் போடச் சொன்னார்கள்.

யுத்தம் 1945ல் நின்றது. கட்டுப்பாடு நிற்கவில்லை. காந்தியடிகள் வற்புறுத்தி 1947 டிசம்பரில் தளர்த்தினார்கள். விலை தாவியதும் 1948ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 1952 ஜூனில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஆனால் அடிப்படை யோசனை நிலைத்துவிட்டது. விளைவிப்பவனுக்கு ஒரு நிச்சய விலை, வாங்கித் தின்பவனுக்கு ஒரு நிச்சய அளவு என்பதே அந்த யோசனை. 1965ல் விவசாய விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. உணவுக் கழகம் தன் முதல் ஜில்லா ஆபீசைத் திறந்தது நம்ம தஞ்சாவூரில்தான். 2013ல் உணவு உரிமைக்கே பாராளுமன்றத்தில் சட்டம் வந்தது.

நாம் மனதில் வைக்க வேண்டியவை

யுத்தத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை. ஆனால் அது வீட்டுக்குள் வரும் வழி தெரிந்தால் கதவை எப்படிச் சாத்துவது என்று யோசிக்கலாம். 2022ல் ரஷ்யாவும் உக்ரைனும் சண்டையில் இறங்கியபோது என்ன நடந்தது? சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. உர விலை ஏறியது. பொட்டாஷ் உரத்துக்கு நாம் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். அன்றைக்குப் பர்மா அரிசி எப்படியோ, இன்றைக்கு உர மூட்டை அப்படி. ஆகவே மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: உரத்துக்கு முழுக்க முழுக்கக் கடையையே நம்பாதீர்கள். தொழுவுரம், தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரம், மண் பரிசோதனை இவற்றைக் கைவிடாதீர்கள். மண்ணில் பொட்டாஷ் போதுமான அளவு இருந்தால் எதற்காகக் காசைக் கொட்ட வேண்டும்?

இரண்டு: அறுத்த கையோடு அத்தனையையும் விற்றுவிட்டு, மூன்று மாதம் கழித்து அரிசி வாங்கப் போகாதீர்கள். விதைக்கும் அடுத்த அறுவடை வரை சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்துக்கொண்டு விற்பவன் விலை ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. விலை நன்றாக இருக்கிற வருஷத்தில் முதலில் கடனை அடையுங்கள், கல்யாணச் செலவு பிறகு.

மூன்று: உங்கள் வயலில் நாற்று நடுகிற, களை எடுக்கிற ஆட்களை நினைத்துப் பாருங்கள். விலைவாசி ஏறினால் முதலில் விழுகிறவர்கள் அவர்கள்தான். நெல் விலை ஏறுகிற வருஷத்தில் கூலியும் ஏற வேண்டும். கூலியில் ஒரு பங்கை நெல்லாகவே கொடுக்கிற பழைய வழக்கத்தில் ஒரு நல்ல குணம் இருந்தது, அதையும் யோசியுங்கள். ஊர் ரேஷன் கடையில் அரிசி ஒழுங்காக வருகிறதா என்று கேட்பது நிலம் இல்லாதவனுடைய கவலை மட்டும் அல்ல. 1943ல் வங்காளத்தில் அரிசி இருந்தும் அது அவன் கைக்குப் போய்ச் சேர வழி இல்லாமல் போனதே, அப்படி நம்ம ஊரில் ஒருநாளும் ஆகக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கடை இருக்கிறது.