மழையை எண்ணும் மின்சுற்று
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒருநாட் பொழுதில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. அண்டையிலுள்ள திருச்செந்தூரில் 69 செ.மீ. 1986 வரை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர்த் தூத்துக்குடி மாவட்டத்ததான அவ்வறண்ட கரைப்பகுதியில், ஓராண்டு முழுதும் பெய்யும் நிரவல் மழையையே அவ்வொருநாள் மழை விஞ்சிவிட்டது. குளங்கள் உடைந்தன, பொருநை கரைபுரண்டது, திருவைகுண்டத்தில் ஒரு தொடர்வண்டி நூற்றுக்கணக்கான பயணியரோடு நின்றுபோயிற்று. இவையெல்லாம் செய்தித்தாள்கள் எழுதியவை. அவை எழுதாது விட்டது ஒன்றுண்டு. 95 என்னும் அவ்வெண் எத்தகையது? வானினின்று விழுந்த நீர் தாளில் எழுதும் இலக்கமாவது எங்ஙனம்? இதனைத் தொடக்கநிலைப் பொறியியற் கணக்காகத் தமிழிலேயே முற்றப் போட்டுக் காட்டல் இயலுமா?

மழையை அளத்தல் தமிழனுக்குப் புதிதன்று. ‘ஓருழவு மழை’, ‘ஈருழவு மழை’ என்று நிலத்தின் ஈரத்தைக் கொண்டே உழவன் அளந்தான். பஞ்சாங்கமெனும் ஐந்திறம் மரக்கால் கணக்கில் மழை சொல்லும். உழவனது அளவில் உண்மையுண்டு. ஐந்திறத்தார் அளவில் அச்சு மட்டுமே உண்டு. அது நிற்க.

இற்றை மின்மழைமானிகளிற் பலவற்றின் உள்ளே இருப்பது கவிழ்கலம். மேலே ஒரு வைத்தூற்றி. (பள்ளி ஆய்வகங்களில் இதனைப் ‘புனல்’ என்பர். நீரைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல் போலத் தோன்றினும், இப்பொருளில் அது ஐரோப்பியச் சொல்லின் திரிபே. ஏமாறற்க.) அதன்கீழ், ஏற்றப்பலகை போல் நடுவில் ஊன்றிய இரட்டைக் கலம். ஒருபுறக் கலம் நிரம்பியதும் எடை தாங்காது கவிழும். மறுபுறக் கலம் நீரேற்க எழும். கலத்தோடு ஒரு சிறு காந்தம் பொருத்தப்பட்டுள்ளது. அதன் எதிரே, கண்ணாடிக் குழாய்க்குள் நுனிகள் தொடாமல் நிற்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். கலம் கவிழுந்தோறும் காந்தம் குழாயைக் கடக்கத் தகடுகள் ஒட்டிப் பிரியும். இதுவே காந்த ஆளி. மழையை மின்குறியாக மாற்றும் இவ்வமைப்பு முழுவதும் ஓர் உணரி.

இனிக் கணக்கு. வைத்தூற்றியின் வாய் விட்டம் 20 செ.மீ. எனின், அதன் பரப்பு 314 சதுர செ.மீ. ஒரு கவிழ்வு அரை மி.மீ. மழையைக் குறிப்பதாயின், கலம் கொள்ளும் நீர் 314ஐ 0.05ஆற் பெருக்க வரும் 15.7 கன செ.மீ. காயல்பட்டினத்து மழை 950 மி.மீ. ஆகலின் கவிழ்வுகள் 1,900. ஒரு நாளின் 86,400 நொடியை 1,900ஆல் வகுத்தால், நிரவலாக 45 நொடிக்கு ஒரு கவிழ்வு, இரவும் பகலும் ஓயாமல்! ஒரு சாப்பாட்டுத் தட்டத்தின் அகலமே உள்ள அவ்வாய் வழியே இறங்கிய நீர் ஏறத்தாழ 30 இலிட்டர். இதனைக் கேட்ட பின்னரே 95 என்னும் எண் மனத்தில் எடையேறுகிறது.

அடுத்தது சுற்று. 5 வோல்ட்டு மின்கலத்தை ஆளியோடு நேரே இணைத்தால், தகடுகள் ஒட்டுந்தோறும் குறுக்குச் சுற்றாகி மின்கலம் வடிந்துவிடும். எனவே இடையில் 10,000 ஓம் தடையம் வைக்கப்படும். ஆளி மூடுங்கால் மின்னோட்டம் 5ஐ 10,000ஆல் வகுத்த ஈவு. அஃதாவது ஆம்பியரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆளி திறந்திருப்பின் எண்ணியின் வாயில் 5 வோல்ட்டு, மூடின் சுழி. இவ்வளவே.

ஈண்டு மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். ‘தடை’ என்பது அளவு. ‘தடையம்’ என்பது பொருள். ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்கும் ஆசிரியரிடம் பயிலும் மாணவன், ‘தடையில் தடை எவ்வளவு?’ என்று எழுதித் திகைப்பான். ஈழத்துப் பாடநூல்கள் தடை, தடையி என்றும், கொள்ளளவம், கொள்ளளவி என்றும் இவற்றை வேறுபடுத்தின. கரணியம், அங்கு மாணவர் அச்சொற்களைக் கொண்டு கணக்குப் போட்டுத் தேர்வெழுதினர். தமிழ்நாட்டிலும் சொல்லாக்க முயற்சிக்குக் குறைவில்லை. நெல்லையில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இலேயே கலைச்சொற்றொகுதி வெளியிட்டது. அதன்பின் வந்த பட்டியல்கள் பல. ஆயினும் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது 2010இல்தான். அதுவும் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலுமே. பட்டியலிற் கிடக்கும் சொல் அச்சிட்டும் புழங்காத காசு. அன்பர்கள் பட்டியல் வளர்ப்பதிற் காட்டிய ஊக்கத்தில் பாதியைப் பயிற்சிக் கணக்கு எழுதுவதிற் காட்டியிருப்பின், தடையா தடையமா என்னும் பூசல் கரும்பலகையிலேயே தீர்ந்திருக்கும்.

மீண்டும் சுற்றுக்கு வருக. இரும்புத் தகடுகள் ஒட்டும்போது ஒருமுறையில் அடங்கிவிடுவதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில முறை எம்பி எம்பியே அமரும். எண்ணியோ விரைவுடையது, ஒவ்வோர் எம்பலையும் ஒரு கவிழ்வெனக் கொள்ளும். ஒன்று இரண்டாக எண்ணப்பட்டால் 95 செ.மீ. 190 ஆகிவிடும்! ஏரி திறப்பதா, ஊரை வெளியேற்றுவதா என்று முடிவெடுப்போர் கையில் அப்பொய்யெண் போய்ச் சேரும். மருந்து எளிது. எண்ணியின் வாயில், ஆளிக்கு இணையாக, நுண்பாரடு ஒன்று கொண்ட மின்தேக்கியை வைக்க. 10,000 ஓம் தடையை அதனாற் பெருக்க வருவது நூற்றில் ஒரு நொடி. இதுவே நேர மாறிலி. இவ்வளவு நேரத்தில் தேக்கி 63 விழுக்காடு நிரம்பும். தகடு எம்பிப் பிரிந்திருப்பது ஆயிரத்தில் ஒரு நொடி எனக் கொண்டால், அதற்குள் தேக்கி ஏறுவது பத்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. அதாவது அரை வோல்ட்டிற்கும் உட்பட்டது. எண்ணி அதனைப் பொருட்படுத்தாது. தேக்கியின் நீர்மட்டம் போல மின்னழுத்தம் மெல்ல ஏறும் என்றால், பொருநைக் கரைச் சிறுவனுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இனி வருவது மின்தேக்கியாலும் தீராத குறை. கலம் கவிழும் அரை நொடியில் விழும் நீர், நிரம்பிய கலத்திலேயே விழுந்து வீணாகிறது எனக் கொள்க. மணிக்கு 10 மி.மீ. மழையாயின் இரு கவிழ்வுகளின் இடைவெளி 180 நொடி. இழப்பு மிகச் சிறிது. மணிக்கு 100 மி.மீ. கொட்டுமாயின் இடைவெளி 18 நொடி. இழப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு. மழை கடுகக் கடுகக் கருவி குறைத்துச் சொல்லும். எப்பொழுது உண்மையெண் மிகத் தேவையோ, அப்பொழுதே அது வழுவுகிறது. ஆகலின் கடுமழைக்கெனத் திருத்தக் கணக்கு வேண்டும். அருகில் கையால் அளக்கும் மழைமானியும் ஒன்று நிற்றல் வேண்டும்.

வீட்டிற்குச் சென்று போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஒரு கவிழ்விற்கு 0.2 மி.மீ. அளக்கும் நுண்கருவியைக் காயல்பட்டினத்தில் வைத்திருப்பின், அந்நாளில் எத்தனை கவிழ்வு? 4,750. மணிக்கு 100 மி.மீ. மழையில் இடைவெளி எவ்வளவு? 7.2 நொடி. கவிழும் நேரம் அதே அரை நொடியாயின் இழப்பு எவ்வளவு? ஏறத்தாழ 7 விழுக்காடு. தூறலை நுணுக்கமாக அளக்கும் கருவியே பெருமழையில் மிகுதியாகப் பிழைப்பதைக் காண்க.