நாய்க்கும் ஒரு ஷரத்து

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு வெளியே போனவன். அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்திலேயே பிழைப்பு. கம்பெனி மூன்று மாறியிருக்கிறேன், டீக்கடை மாறவில்லை. சங்கச் செயலாளர் போன் பண்ணி, "பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா" என்றார். ரோபோ, எலெக்ட்ரிக் வண்டி என்று நான் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது நாயையும் மாட்டையும் பற்றி. நாம் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தங்களில் அந்த ஜீவன்களுக்கு யார் பொறுப்பு என்பது பற்றி. சிரிக்காதீர்கள். ஒரே ஒரு வரியை ஒழுங்காக எழுதத் தெரியாமல் நான் தலைகுனிந்த கதை இது.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான் தொழிற்சாலை வந்தது. அதன்பின் டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஏரியும் வயலும் மேய்க்காலுமாக இருந்த ஊர்களில் சிப்காட் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. மனிதர்களுக்கு நஷ்டஈடு என்று ஒரு கணக்காவது இருந்தது. மாட்டுக்கும் நாய்க்கும் யாரும் கணக்கு எழுதவில்லை. மாடு சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டு நடுவில் படுத்தது. நாய் ஃபாக்டரி கேன்டீன் பின்புறம் வந்து சேர்ந்தது.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் இரண்டு நாய்கள். மணி, கருப்பி. கேட் செக்யூரிட்டியில் இருந்த ஒரு பெரியவர்தான் அவற்றுக்குச் சோறு வைப்பார். செக்யூரிட்டி ஆட்கள் தங்களுக்குள் காசு போட்டு இரண்டுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தார்கள். கருப்பிக்குக் கருத்தடை ஆபரேஷனும் ஆகியிருந்தது. இதெல்லாம் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. எனக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தது. வேலைப் பட்டியலை நான்தான் தயார் செய்தேன். புல் வெட்டுவதிலிருந்து செப்டிக் டேங்க் வரை நாற்பதுக்கும் மேல் ஐட்டம். ஆடிட்டுக்கு வந்த ஒருவர் நாயைப் பார்த்து முகம் சுளித்தது ஞாபகம் வர, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "வளாகத்தில் தெருநாய்த் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்." யார் செய்வது, எப்படிச் செய்வது, என்ன செலவு, எதைச் செய்யக் கூடாது, ஒன்றும் எழுதவில்லை. புல் வெட்டும் மெஷினுக்கு எத்தனை ஹெச்.பி. என்றுகூட எழுதியிருந்தேன்!

புது காண்ட்ராக்டர் வந்த முதல் வாரத்திலேயே ஒரு ராத்திரி இரண்டு நாயையும் காணோம். கேட்டதற்கு, "தூரமா கொண்டுபோய் விட்டுட்டோம் சார், இனிமே தொல்லை இருக்காது" என்றார்கள். காண்ட்ராக்ட்படி பார்த்தால் வேலை முடிந்தது. நானும் டிக் அடித்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். நாய்க்கு எல்லை உண்டு. காவல் இருந்த நாய் போனால் அந்த எல்லைக்கு வேறு நாய் வரும். கேன்டீன் மிச்சம் அதே இடத்தில்தானே கொட்டுகிறது? அறிமுகம் இல்லாத நாலைந்து நாய் வந்து சேர்ந்தன. இரண்டாவது ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடந்துபோன ஒரு டிரெய்னிப் பெண்ணைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று போகவேண்டும். அந்த நாட்களின் சம்பளம் யார் தருவது என்பதில் வந்தது தகராறு. கம்பெனி சொன்னது, "டிரெய்னியை அனுப்பின ஏஜென்சி பார்க்கணும்." ஏஜென்சி சொன்னது, "கேட்டுக்குள்ளே கடிச்சது, ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு." ஹவுஸ்கீப்பிங் சொன்னது, "நாங்க எடுத்த நாய் ரெண்டு. இது வெளி நாய்." மூவரும் என் வரியைத்தான் மேற்கோள் காட்டினார்கள். 28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது, பேச்சுவார்த்தை முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்பளப் பிடித்தம் ஆனதுதான் மிச்சம்.

அப்போது அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். கோபமெல்லாம் இல்லை. "சார், அது ரெண்டும் ஊசி போட்ட நாய். ராத்திரியில எங்களுக்குத் துணை. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது ஆச்சரியம். பிராணியின் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதுவது நம் ஊரில் ஆயிரம் வருஷப் பழக்கம்! ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளை இடையர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குச் சோழர் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது? ஆடு சாகும், கிழடாகும். குட்டியைக் கொண்டு அந்த எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். எத்தனை உருப்படி, யார் கையில், தினம் என்ன கடமை, செத்தால் என்ன வழி — எல்லாம் கல்லில் இருக்கிறது. என் பட்டியலில் இதில் ஒன்றாவது இருந்ததா?

கல்வெட்டு வேண்டாம், கிராமத்துக்கு வாருங்கள். ஆட்டையோ கிடேரியையோ வாரத்துக்கு விடுவது இன்றும் உண்டு. தாய் உரிமையாளருக்கு, ஈற்றில் பங்கு வளர்ப்பவருக்கு. தீனி யார் பாடு, நோய் வந்தால் யார் செலவு என்பதைப் பேசிக்கொண்டுதான் கயிற்றைக் கை மாற்றுவார்கள். பத்திரம் கிடையாது, ஆனால் பேச்சில் ஓட்டை இருக்காது.

வெள்ளைக்காரன் போட்ட 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இது இருக்கிறது. ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றிய பகுதியில் 163-ஆம் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம்: பசுவைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த இடத்தில் அது கன்று போட்டால், பசுவோடு கன்றையும் திருப்பித் தரவேண்டும். 150-ஆம் பிரிவில் இன்னொன்று: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, வாங்கியவர் விழுந்து அடிபட்டால், கொடுத்தவரே பொறுப்பு. அதாவது, தெரிந்ததைச் சொல்லி ஒப்படைக்கவேண்டும். நான் எதுவும் தெரிந்துகொள்ளாமலே ஒப்படைத்தவன்.

1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1953-ல் ராஜ்யசபாவில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிராணியைத் தன் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கவேண்டும் என்கிறது. பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். டீ, வடைக் காசு! அதனால்தான் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. "பொறுப்பில் வைத்திருப்பவர்" யார் என்பதை ஒப்பந்தம்தான் பெயர் சொல்லிக் காட்டவேண்டும்.

பெரிய மனிதர்கள் போடும் ஒப்பந்தத்திலும் இந்தச் சிக்கல் வரும். அஸ்ஸாமிலிருந்து குத்தகையாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு வந்த ஜெயமால்யதா என்ற யானையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி முகாமில் பாகன்கள் அதை அடிக்கிற வீடியோ வெளியானது. 2022-ல், குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, யானையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அஸ்ஸாம் அரசு கேட்டது. குழு அனுப்பியது. தமிழக அரசோ, யானை நலமாக இருக்கிறது என்றது. விவகாரம் கோர்ட்டுப் படியேறியது. இரண்டு மாநில அரசுகளுக்கே ஒப்பந்த முடிவில் இத்தனை வில்லங்கம் என்றால், நம் ஹவுஸ்கீப்பிங் டெண்டர் எம்மாத்திரம்?

இப்போது நான் எந்த காண்ட்ராக்ட் தயாரித்தாலும் அரைப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வைக்கிறேன். முதல் தடவை பர்சேஸில் இருந்தவர் சிரித்தார்: "என்னப்பா, நாய்க்கும் ஒரு ஷரத்தா?" ஊசித் தகராறில் போன ஈமெயில் கட்டைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். அதில் இருப்பது இவ்வளவுதான்:

ஒன்று, பொறுப்பேற்கும் நாளில் வளாகத்தில் எத்தனை பிராணி, ஊசி போட்டதா, ஆபரேஷன் ஆனதா என்ற பட்டியல். ஜெனரேட்டருக்கு எடுக்கிறோம் அல்லவா, அதுபோல.

இரண்டு, முடிவெடுக்கக் கம்பெனி தரப்பில் ஒரே ஒரு ஆள். பெயரும் போன் நம்பரும் கேட்டில் இருக்கும்.

மூன்று, ஊசிக்கும் வைத்தியத்துக்கும் தனித் தலைப்பில் பணம். இதரச் செலவு என்று எழுதினால் அது யாருக்கும் சேராது.

நான்கு, செய்யக் கூடாதது. காண்ட்ராக்டரோ அவருடைய துணை காண்ட்ராக்டரோ நாயைப் பிடித்து வெளியே விடக் கூடாது. 2023-ஆம் வருஷத்து விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அது உள்ளாட்சி அமைப்பும், விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பும் செய்யவேண்டிய வேலை. மாடு புகுந்தாலும் அடிக்கக் கூடாது. ஊராட்சிக்குச் சொல்லவேண்டும்.

ஐந்து, யாரையாவது கடித்துவிட்டால் முதலில் வைத்தியமும் முழுச் சம்பளமும். யார் பொறுப்பு என்ற சண்டை அப்புறம்.

ஆறு, காண்ட்ராக்ட் முடியும் நாளில் அதே பட்டியலைச் சரிபார்த்து அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில்கூட ஒரு மாடு லாரியில் அடிபட்டு, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு மணி நேரம் அலைந்தோம். ஆனால் ராத்திரியில் எந்த நாயும் காணாமல் போவதில்லை.

கடைசியாக நம்ம காலேஜ் விஷயம். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கல்வி நிறுவனங்கள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலுள்ள தெருநாய்களை உள்ளாட்சி அமைப்பு பிடித்து, கருத்தடையும் ஊசியும் போட்டுக் காப்பகத்தில் வைக்கவேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்றது. நிறுவனம் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமித்து, அவர் விவரத்தை வாசலில் எழுதிவைக்கவும் சொன்னது. அது சரியா தப்பா என்று நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. நம் மெஸ் பின்னால் இருக்கும் நாய்களை, வேலை முடிந்தால் போதும் என்று ஒரு காண்ட்ராக்டர் ராத்திரியில் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வந்தால், அது உத்தரவை நிறைவேற்றியதும் ஆகாது, நமக்கு மரியாதையும் ஆகாது. எங்கே போகிறது, யார் வாங்கிக்கொண்டார்கள் என்று ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். முதல்வர் அவர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்த ஹவுஸ்கீப்பிங் டெண்டரில் அந்த அரைப் பக்கத்தைச் சேருங்கள். நகல் கொண்டுவந்திருக்கிறேன். ஊசிக்கும் வைத்தியத்துக்கும் ஆகும் செலவை எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக்கொள்ளும். மேடையிலேயே சொல்லிவிட்டேன், நண்பர்கள் இனி தப்பிக்க முடியாது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் இதுபோல வேலைப் பட்டியல் எழுதுவீர்கள். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இதை ராத்திரி ஷிப்டில் ஒருவன் எப்படிச் செய்வான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வழியைச் சொல்லாமல் விட்டால், அவன் எது மலிவோ அந்த வழியில் முடிப்பான். பழி அவனுடையது மட்டும் இல்லை, எழுதினவனுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெரியவர் இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது அந்த அரைப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மழை நாள்ல அது எங்கே படுக்கும்னு எழுதலையே சார்" என்றார். ஏழாவது ஷரத்து இன்னும் எழுதவேண்டியிருக்கிறது.