வீட்டுக்குள் வரும் மாத்திரை



"பிள்ளை வீட்டை விட்டே போவதில்லையே, டாக்டர்! போதை மருந்து எப்படி வரும்?" என்று அமெரிக்காவிலுள்ள நம் குடும்பங்கள் எங்களிடம் கேட்கிறார்கள். போன் வழியாகத்தான் வருகிறது. ஸ்னாப்சாட்டில் விற்கிறவனுடைய செய்தி தானாகவே மறைந்துபோகும். மருந்தின் பெயருக்குப் பதிலாகச் சிறு படங்கள். பரீட்சைக்கு விழித்திருக்க அடெரால், வலிக்குப் பெர்கோசெட் என்றுதான் பிள்ளை வாங்குகிறான். கைக்கு வருவதோ பல வேளை ஃபென்டனில் கலந்த போலி. அது 2 மில்லிகிராம், அதாவது பத்துப் பதினைந்து மணி தூள் உப்பளவு இருந்தாலே உயிர் போகலாம். அந்நாட்டுப் போதைத் தடுப்புத் துறை 2023இல் சோதித்த ஃபென்டனில் மாத்திரைகளில் 10க்கு 7இல் அவ்வளவு இருந்தது. 2024இல் 10க்கு 5. குறைந்துவிட்டதே என்று ஆறுதல்பட எங்களால் முடியவில்லை.

போனைப் பிடுங்கினால் நண்பனுடைய போன் இருக்கிறது. ஆகவே உட்கார்ந்து பேசுங்கள். மருந்துக்கடையிலிருந்து வராத மாத்திரையை, சிநேகிதன் கொடுத்தாலும், தொடக்கூடாதென்று சொல்லுங்கள். நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். 2023 முதல் அங்கே டாக்டர் சீட்டில்லாமலே கிடைக்கிறது. வாங்கினால் பிள்ளையைச் சந்தேகிப்பதாகுமே என்று சிலர் கூசுகிறார்கள். வீட்டுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் அது உதவுமே!

உதடு நீலம் பாரித்து மூச்சு மந்தமானால், ஒரு மூக்குத் துவாரத்தில் அடித்து உடனே 911ஐ அழையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று. ஸ்ப்ரேயின் பலன் 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும்.