மறைந்தும் நிற்பவை

‘திருப்பதி சென்றான்’ என்கிறோம். ‘அவன்’ என்னும் எழுவாய் அத்தொடரில் இல்லை. ‘கு’ என்னும் உருபும் இல்லை. ஆயினும் இரண்டும் மறைந்து நின்று பொருள் தருகின்றன. மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நமக்கு, பொறியாளர் கணிப்பொறியில் வரையும் படங்களைக் காணுந்தோறும் இவ்விலக்கணமே நினைவுக்கு வருகிறது.

முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் நிறுவனத்தின் ரயில் பெட்டித் தொழிற்சாலை உண்டு. சென்னை மெட்ரோவின் முதற்கட்ட ரயில்களிற் பெரும்பாலானவை அங்கே உருவாயின. அத்தகைய பெட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். உடற்கூடு, கதவு, இருக்கை, மின்கம்பி, பிரேக்குக் குழாய் என ஆயிரக்கணக்கான உறுப்புக்கள்! அனைத்தும் திரையில் ஒருங்கே தோன்றினால், தரைக்கடியில் ஓடும் குழாய் கண்ணுக்குப் படுமோ? கணிப்பொறியும் நத்தையாக ஊரும்.

சாலிட்ஒர்க்ஸ் முதலிய மென்பொருள்களில் இதற்கு வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டை மறைத்தல், விலக்கல் எனத் தமிழிற் கூறலாம். மறைத்த இருக்கை கண்ணுக்குத்தான் இல்லை. தன் இடத்திலேயே நிற்கிறது. பிற உறுப்புக்களோடு கொண்ட பிணைப்பும் அறுவதில்லை. விலக்கிய இருக்கையையோ கணிப்பொறி தன் நினைவிலிருந்தே இறக்கிவிடுகிறது. வேலை விரைகிறது, ஆனால் அதன் எடை கூட்டலில் வாராது, பிணைப்புக்களும் செயலறும்.

இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதிலேதான் இடர். மறைக்க வேண்டிய இருக்கைகளை விலக்கிவிட்டு எடை கணித்தால், பெட்டி தாளிலே இலேசாகும், தண்டவாளத்திலே ஆகாது. மறைத்ததை மறந்து, வெற்றிடமென எண்ணிப் புதிய குழாயைச் செலுத்தினால், தொழிற்கூடத்தில் இரும்போடு இரும்பு மோதும். திரையில் நொடியில் திருந்தும் பிழை, அங்கே பொருளையும் காலத்தையும் விழுங்கிவிடும்.

ஆகவே, கைதேர்ந்தோர் ஒவ்வொரு பணிக்கும் ஒரு காட்சியை வகுத்து, ‘கதவுகள் மட்டும்’, ‘அடித்தளக் குழாய்கள்’ எனப் பெயரிட்டுச் சேமிப்பர். எடை காணுமுன்னும், மோதல் சோதிக்குமுன்னும், படத்தைப் பிறர் கையில் ஒப்புவிக்குமுன்னும் அனைத்தையும் மீட்டு நிறுத்துவர்.

அயல் மாநிலங்களில் இத்தொழில் புரியும் நம் இளைஞர் பலர். அவர்களுக்கு நாம் சொல்ல விழைவது இதுவே: தொகையாக நிற்கும் தொடரில் மறைந்த உருபை விரித்தன்றோ பொருள் கொள்கிறோம்? அவ்வாறே, படத்தை முடிக்குமுன் மறைத்தவற்றை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.