பட்டியலா, நோக்கமா? ஆமணக்கை முன்வைத்து ஒரு வழக்கு
(நாமகிரிப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தத் தலைமையாசிரியரை நான் நேரில் கண்டதில்லை. அவரிடம் வேதியியல் படித்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரைப் பற்றி நீங்கள் பேசுவதே முறை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதசுவரத்தால் உலகறிந்த ஊரில் பேச அழைத்ததற்கு நன்றி. உபசாரம் இத்துடன் போதும்.

வழக்கு என்ன என்பது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். வேதியியல், உயிரியல் ஆயுதங்களை உலகம் எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதில் என் துறை நண்பர்களுக்கும் எனக்கும் நெடுநாளாக ஒத்துப்போவதில்லை. அவர்கள் கட்சி இது: ஆபத்தான பொருள்களைப் பட்டியலிடு, புதிது வந்தால் சேர், பட்டியலில் உள்ளதற்கெல்லாம் உரிமம் கேள். என் கட்சி: உடன்படிக்கை தடை செய்தது பொருளை அன்று, மனிதனின் நோக்கத்தை. பட்டியல் என்பது தணிக்கைக்காரர் எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று குறித்து வைத்திருக்கும் கையேடு. அதையே சட்டம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு கேடு வரும். பட்டியலுக்கு வெளியே இருக்கும் கொலைகாரன் தப்புவான். பட்டியலுக்குள் இருக்கும் குடியானவன் மாட்டுவான்.

வேதியியல் ஆயுத உடன்படிக்கை 1993 ஜனவரியில் பாரிசில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. இந்தியா உடனே கையொப்பமிட்டு 1996-இல் ஏற்புறுதி செய்தது. 1997 ஏப்ரல் 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னிணைப்பில் மூன்று அட்டவணைகள் உண்டு. என் நண்பர்கள் மேற்கோள் காட்டுவதெல்லாம் அங்கிருந்துதான். நான் அவர்களைப் படிக்கச் சொல்வது இரண்டாம் பிரிவை. நச்சுத்தன்மையுள்ள எந்த வேதிப்பொருளும் ஆயுதமே என்று அது தொடங்குகிறது. தொழில், வேளாண்மை, ஆராய்ச்சி, மருத்துவம், தற்காப்பு முதலிய தடை செய்யப்படாத நோக்கங்களுக்காக, அந்த நோக்கத்துக்கு ஏற்ற வகையிலும் அளவிலும் வைத்திருந்தால் மட்டுமே விலக்கு. வகையும் அளவும் நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற அந்த ஒரு வரியில்தான் உடன்படிக்கையின் உயிர் இருக்கிறது.

இதை, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் அமைப்பு இருக்கும் ஹேக் நகரத்தில் வைத்து விளக்குவதைவிட இந்த ஊர் வயலில் வைத்து விளக்குவது எளிது.

ஆமணக்கு

இங்கிருந்து ராசிபுரம் போனாலும் ஆத்தூர் போனாலும் வழியில் ஆமணக்கைப் பார்க்காமல் போக முடியாது. மஞ்சள் வயலின் ஓரத்தில் நிற்கும். மானாவாரிக் காட்டில் நிலக்கடலையோடு ஊடுபயிராக நிற்கும். புழு முதலில் அதன் இலையில் ஏறட்டும், கடலை தப்பட்டும் என்று வரப்போரம் நடுவதும் உண்டு. ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது, ஒய்.ஆர்.சி.எச்.1 என்ற வீரிய ஒட்டு அங்கே உருவானது. உலகத்தில் விளையும் ஆமணக்கில் மிகப்பெரும் பங்கு இந்தியாவில் விளைகிறது, அதில் பெரும்பங்கு குஜராத்தில். நம் பங்கு சிறியது, ஆனால் பழையது.

முத்தை ஆட்டினால் விளக்கெண்ணெய். குழந்தைக்கு வயிறு கழியக் கொடுத்தோம், தலையில் தேய்த்தோம், விளக்கில் ஊற்றினோம். மிச்சம் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கும் அதே கை ஆமணக்குப் புண்ணாக்கை வயலுக்கு மட்டும்தான் போடும். காரணம் கேட்டால் இங்கே எந்தப் பாட்டியும் சொல்வார்: அது ஆகாது, மாடு செத்துப்போகும். அந்த "ஆகாது" என்பதன் வேதியியல் பெயர் ரிசின்.

1888-இல், இன்று எஸ்தோனியாவில் உள்ள தோர்பாத் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் தம் ஆய்வேட்டுக்காக இந்த நஞ்சைப் பிரித்துப் பெயரிட்டார். சில ஆண்டுகளில் பால் எர்லிக் இதையும் குன்றிமணி நஞ்சையும் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடல் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளும் என்று காட்டினார். இன்று நாம் போட்டுக்கொள்ளும் தடுப்பூசிகளின் அறிவியலில் நம் வரப்போரச் செடிக்கும் ஓர் இடமுண்டு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ரிசின் ஒரு புரதம். இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஒன்று உயிரணுவின் மேற்பரப்பில் பற்றிக்கொண்டு மற்றொன்றை உள்ளே சேர்க்கிறது. உள்ளே போனது, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒரே ஓர் அடினைனைக் கழற்றிவிடுகிறது; அந்த ரைபோசோம் அதோடு நின்றுவிடும். ஒரு மூலக்கூறு ஒரு நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரைபோசோம்களை இப்படி நிறுத்த வல்லது. எண்ணெயில் இது கரையாது, வெப்பத்தில் சிதையும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக நாம் விளக்கெண்ணெய் குடித்தும் உயிரோடு இருக்கிறோம்.

இந்தப் புரதம் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடுகு வாயு, சாரின், வி.எக்ஸ். ஆகியவை அமர்ந்திருக்கும் அதே வரிசை. அங்கே இடம்பெற்ற இயற்கை நஞ்சுகள் இரண்டே: கடல் நுண்ணுயிர்களின் சாக்சிடாக்சின் ஒன்று, நம் ரிசின் மற்றொன்று. காரணம் இல்லாமல் ஏறவில்லை. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் இதை "டபிள்யூ" என்ற மறைபெயரில் குண்டுக்குள் அடைக்கப் பார்த்தன. 1978 செப்டம்பர் 7 அன்று லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்கு நின்றிருந்த பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவின் தொடையில் ஏதோ குத்தியது. நான்கு நாளில் அவர் இறந்தார். உடலில் கிடைத்தது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உலோக உருண்டை. உள்ளே இருந்தது ரிசினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள்.

இப்போது என் நண்பர்களின் வாதத்தை இந்த ஊருக்குக் கொண்டுவாருங்கள். முதல் அட்டவணைப் பொருளை ஒரு நாடு முழுவதும் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. புண்ணாக்கில் சில விழுக்காடு ரிசின். அப்படியானால் ஒரு செக்குக்காரரின் கிடங்கில் இருப்பது என்ன? மஞ்சளுக்கு அடியுரமாக மூட்டை மூட்டையாகப் போடும் விவசாயி யார்? அட்டவணையை எழுத்துக்கு எழுத்து படித்தால் நாமக்கல் மாவட்டம் உடன்படிக்கையை மீறிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிக்கலை உடன்படிக்கையின் உறுப்புநாடுகளே பார்த்தன. ஆமணக்கெண்ணெய் ஆலைகள் முதல் அட்டவணைக்குரிய அறிவிப்பு முறைக்குள் வரவேண்டியதில்லை என்று மாநாடு கூடி முடிவு செய்தது. எந்த அடிப்படையில்? ரிசினைத் தனியே பிரித்தெடுப்பது அவற்றின் வேலையே இல்லை என்ற அடிப்படையில். அதாவது நோக்கத்தின் அடிப்படையில். பட்டியல் தானே முட்டிக்கொண்டு, இரண்டாம் பிரிவிடம் வந்து வழிகேட்டது. என் நண்பர்கள் இந்த முடிவைத் தங்கள் கட்டுரைகளில் அடிக்குறிப்பாகக்கூடச் சேர்ப்பதில்லை.

2025 நவம்பரில் குஜராத் பயங்கரவாதத் தடுப்புக் காவல்துறை ஒரு மருத்துவரைக் கைது செய்து, ரிசின் தயாரிக்க முயன்றார் என்று குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டின் உண்மையை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். அதில் நான் தலையிடவில்லை. ஆமணக்கெண்ணெய் பிடிபட்டதாக எல்லாத் தாளும் எழுதின. அன்றைக்கே ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "இனியாவது ஒப்புக்கொள்கிறீர்களா, விதைக்கு உரிமம் வேண்டும் என்று?" என்றார். ஏன் வேண்டும் ஐயா? விளக்கெண்ணெய் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், அதில் ரிசினும் கிடையாது. அந்தக் குற்றச்சாட்டின் கனமெல்லாம் அவர் என்ன செய்ய நினைத்தார் என்பதில் இருக்கிறது. எண்ணெயைக் காட்டிப் படம் எடுத்தால் செய்தி ஆகும், சட்டம் ஆகாது. விதைக்கு உரிமம் என்றால் அதை வாங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கப்போவது ஆயில்பட்டிக்காரரும் மெட்டாலாக்காரரும்தான். கொலைக்கு ஆமணக்குத் தேடுகிறவன் சாலையோரத்திலேயே பறித்துக்கொள்வான்.

சிலர் இதிலிருந்து எதிர்த்திசைக்கு ஓடுகிறார்கள்: நஞ்சு சாலையோரத்தில் முளைக்கிறது, ஆகவே கட்டுப்பாடே வீண் என்கிறார்கள். அதுவும் தவறு. மூன்று கேள்விகளால் இதைக் கட்டுப்படுத்த முடியும். பிரித்தெடுத்துத் தூய்மையாக்கும் கருவியும் ஆளும் எங்கே சேர்கின்றன? சேர்ந்த அளவு சொன்ன வேலைக்குத் தக்கதா? கேட்டால் கணக்குக் காட்டுகிறார்களா? புற்றுநோய் ஆய்வுக்கென்று ரிசினின் ஒரு சங்கிலியைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்படுவது சிறு அளவு. அளவும் ஆளும் கணக்கும் பொருந்தாத இடத்தில்தான் தணிக்கையாளர் நுழைய வேண்டும். செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்தில் விரலி, கிழங்கு, பனங்காளி என்று பிரித்துக் கொட்டியிருப்பதைப் பார்த்தவுடனே, எது எந்த வேலைக்குப் போகும் என்று வியாபாரிக்குத் தெரிகிறது. வேதியியல் தணிக்கையாளருக்கும் அப்படி ஒரு கண் வேண்டும்.

குன்றிமணியையும் சொல்லிவிடுகிறேன். வேலியில் படரும் கொடி. பொற்கொல்லர் எடைபோட்ட விதை. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் விதை. அதன் நஞ்சு அப்ரின், ரிசினைவிடக் கடுமையானது. வெள்ளையர் காலத்தில், தோலுக்காக மாடுகளைக் கொல்ல வடநாட்டில் குன்றிமணியால் செய்த ஊசியைக் குத்திய வழக்குகள் இந்திய மருத்துவச் சட்டநூல்களில் பதிவாகியுள்ளன. மார்க்கோவின் தொடையில் குத்தியதற்குப் பல்லாண்டு முன்பே அந்த முறை நம் நாட்டில் இருந்தது. இந்த அப்ரின் அட்டவணையில் இல்லை. பட்டியல்தான் சட்டம் என்றால் அப்ரினை ஆயுதமாக்குகிறவன் நிரபராதி. அப்படி யாரும் தீர்ப்பெழுத மாட்டார்கள்; ஏன் என்பதற்கு விடை இரண்டாம் பிரிவில் இருக்கிறது.

குளோரினும் நோவிசோக்கும்

மேட்டூர் நமக்குப் பக்கம். குளோரின் அங்கே நெடுங்காலமாகத் தயாராகிறது, நம் குடிநீரில் கலக்கிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்டதும் அதே குளோரின். எந்த அட்டவணையிலும் அது இல்லை. ஆனாலும் சிரியாவில் அதை வேதியியல் ஆயுதமாகப் போட்டார்கள் என்று ஹேக் அமைப்பின் விசாரணையாளர்கள் எழுதினார்கள். 1990 ஜூனில் கிழக்கிலங்கையின் கிரான் இராணுவ முகாமைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் குளோரினைப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ் மேடைகளில் இதை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால்தான், அரசல்லாதவர்களைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு நாடும் உள்நாட்டுச் சட்டம் செய்ய வேண்டும் என்று உடன்படிக்கை சொல்வதன் பொருள் விளங்கும். நம் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்தது.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பயன்படுத்தப்பட்ட நோவிசோக் வகை நஞ்சும் அன்று பட்டியலில் கிடையாது. 2019-இல்தான் சேர்த்தார்கள், 2020 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது சட்டபூர்வமானதாக இருந்ததா? நண்பர்கள் இன்னும் விடை சொல்லவில்லை.

நம் நாட்டுக் கதையும் ஒன்று. 1992 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்களிடம் வேதியியல் ஆயுதம் இருக்காது என்று கூட்டறிக்கை விட்டன. 1997-இல் உடன்படிக்கைப்படி இந்தியா கணக்குக் கொடுத்தபோது ஆயிரம் டன்னுக்கு மேல் கடுகு வாயு வெளியே வந்தது. தணிக்கையாளர் வருவார் என்றால்தான் வாய் திறக்கிறது. 2009-க்குள் அத்தனையும் அழிக்கப்பட்டது. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

உயிரியல்

நேரம் குறைகிறது. 1972-இல் கையெழுத்துக்கு வந்து 1975-இல் நடைமுறையான உயிரியல் ஆயுத உடன்படிக்கையும் நோக்கத்தைத்தான் முதலில் வைக்கிறது. பட்டியலே அதில் இல்லை. அது அதன் பலம். தணிக்கையாளரும் இல்லை; அது அதன் நோய். ரிசின் உயிரிலிருந்து வரும் நஞ்சு என்பதால் இரண்டு உடன்படிக்கைக்கும் உட்பட்டது. ஒன்றுக்கு ஹேக்கில் ஏறக்குறைய 500 பேர் கொண்ட அமைப்பு. மற்றதற்கு ஜெனீவாவில் ஒரு சிற்றலுவலகம். தணிக்கைமுறை ஒன்றை உருவாக்க 1995 முதல் நடந்த பேச்சு, 2001 ஜூலையில் அமெரிக்கா மறுத்ததும் கலைந்தது.

தணிக்கை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். 1970களில் தில்லியில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் கொசு மரபியல் ஆய்வு நடத்தின. மஞ்சள் காய்ச்சலைப் பரப்ப வல்ல ஏடிஸ் கொசுவை ஏன் எடுத்தீர்கள், இது உயிரியல் போருக்கான ஒத்திகையா என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கேட்டது. 1975-இல் திட்டம் மூடப்பட்டது. நல்ல ஆய்வா, கெட்ட ஆய்வா என்று வெளியிலிருந்து வந்து பார்த்துச் சொல்லும் ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மேற்கொண்டு செய்ய வேண்டியவை

இவற்றை விரித்துப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மரவள்ளி இலையைத் தின்று ஆடு சாவதற்குக் காரணமான ஹைட்ரஜன் சயனைடு மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைகளை வைத்து யாராவது முனைவர்பட்ட ஆய்வு செய்யலாம். தலைப்பை நான் தருகிறேன், நெறியாளர் பட்டியல் கட்சிக்காரராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. புண்ணாக்கை வெப்பத்தால் நஞ்சு நீக்கித் தீவனமாக்க முடியுமானால் விவசாயிக்கும் லாபம், உடன்படிக்கைக்கும் தலைவலி குறையும். ஏத்தாப்பூர் நிலையம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கலவரம் அடக்கும் வாயுக்கள், 2002-இல் மாஸ்கோ நாடகக் கொட்டகையில் விடப்பட்ட மயக்க மருந்து ஆகியவற்றுக்கு நோக்க விதி எப்படிப் பொருந்தும் என்பது தனிச் சொற்பொழிவு. மரபணுவைச் செயற்கையாகச் செய்வித்து வாங்கும் வணிகத்தில் யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று விசாரிக்கும் முறை இந்தியாவில் எப்படி அமைய வேண்டும் என்பது இன்னொன்று. நம் இரண்டாயிரத்தாம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழில் ஓர் உரைநூல் வேண்டும். சட்டக்கல்லூரி நண்பர்கள் முன்வந்தால் வேதியியல் பகுதியை நான் எழுதித் தருகிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். உரிமம் பற்றிக் கேட்க வந்திருக்கும் நண்பருக்கு முதல் வாய்ப்பு.