கர்ப்பம் ஒரு நோயா?



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றும் எமக்கு மருத்துவம் பேசும் தகுதி ஏது என நீங்கள் வினவலாம். ஆனால் விடுப்புப் பதிவேடு எம் கையில் இருக்கின்றது. அதில் நோய்க்கான விடுப்பு வேறு, மகப்பேற்று விடுப்பு வேறு. அவ்வேறுபாட்டின் பொருளையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

நோய் என்பது யாது? அமெரிக்க மெய்யியலறிஞர் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977-இல் ஒரு விளக்கம் தந்தார். உயிர் வாழ்வதற்கும் இனம் பெருகுவதற்கும் உடலுறுப்புகள் ஆற்றும் பணி, இயல்பான அளவிலிருந்து குன்றுமாயின் அது நோய் என்றார். அவ்வாறாயின் கர்ப்பம் நோயாகாது. இனம் பெருக்கும் பணி செவ்வனே நடைபெறுவதன்றோ அது!

எனினும் 2024-இல் அன்னா ஸ்மாஜ்டோர், யோனா ராசனென் என்னும் இருவர், கர்ப்பத்தையும் நோயென வகுக்க இடமுண்டு என்று வாதிட்டனர். தட்டம்மையைப் போலவே கர்ப்பமும் உடலை வருத்துகின்றது. சிலர் உயிரையும் பறிக்கின்றது என்பது அவர்தம் கருத்து. இதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. "உலகத்தில் இல்லாத பிள்ளைப்பேறா?" என்று கூறித் தாயின் வேதனையைப் பொருட்படுத்தாத வீடுகள் எங்கும் உண்டல்லவா?

இது வெறும் சொற்போர் அன்று. அமெரிக்காவில் ஒரு நிறுவனம், நோயுற்று வேலைக்கு வர இயலாதார்க்கு உதவித்தொகை அளித்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் மறுத்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976-இல் அம்மறுப்பை ஏற்றது. கர்ப்பம் ஏனைய நோய்களைப் போன்றதன்று என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1978-இல் புதுச்சட்டம் இயற்றியே அக்குறையைக் களைந்தனர்.

நம் நாடு கண்ட வழி வேறு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் கர்ப்பத்தை நோயென்று கூறாமலே ஊதியத்தோடு ஓய்வு தந்தது. கர்ப்பத்தால் நோய் உண்டாயின் மேலும் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு எனத் தனியே வகுத்தது. முதலில் 12 வாரமாயிருந்த ஓய்வு 2017-இல் 26 வாரமாயிற்று. எம் பதிவேட்டிலும் மகப்பேற்று விடுப்பு, பிற விடுப்புக் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை.

ஆகவே எம் முடிவு இது: கர்ப்பிணி நோயாளி அல்லள், ஆயினும் நோயாளிக்குக் காட்டும் பரிவு அனைத்தும் அவளுக்கு உரியது. பிறந்தகம் இரண்டு நாள் பயணத் தொலைவிலுள்ள நம் குடியிருப்பில், அடுத்த வீட்டாரே அவளுக்குத் தாய்வீட்டார் ஆதல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.