எலும்புக்கு முன் உயிர்

 

எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ஒருவர் எப்படி உருவாகிறார் என்று பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். மலேசியாவில் மருத்துவப் படிப்பு 5 ஆண்டுகள். மருத்துவமனைப் பயிற்சி 2 ஆண்டுகள். பிறகு சில காலம் பணியாற்றி முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் மேலும் 4 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகள் எதற்கு? தகடு பொருத்தும் கைப்பழக்கம் விரைவில் வந்துவிடும். முறிந்த எலும்பைத் தாண்டி மனிதரைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி மாண்டார், பிள்ளைகள் நால்வரில் மூவர் படுகாயமுற்றனர். அவர்களைக் கொண்டு சென்ற மருத்துவமனையில், எதை முதலில் கவனிப்பது என்ற ஒழுங்கு இல்லை. அத்துயரிலிருந்து பிறந்த பயிற்சி 1978இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. மூச்சுப் பாதை, அடுத்துச் சுவாசம், பின்னர் இரத்த ஓட்டம். கோணிக் கிடக்கும் கால் கண்ணை இழுக்கும். ஆனால் அது காத்திருக்க வேண்டும். தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் உள்ளே கசியக்கூடும்.

இன்னொன்று சொல்கிறேன். கீழ்க்கால் எலும்பு முறிந்தவர் நள்ளிரவில், மருந்து கொடுத்தும் வலி பொறுக்கவில்லை என்கிறார். கால் விரலை மெல்ல நீட்டினாலே துடிக்கிறார். தசை அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பதன் அறிகுறி அது. நாடி துடிக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. சில மணி நேரத்திற்குள் கீறித் திறக்காவிட்டால் தசை செத்துவிடும், காலே போகலாம். அவ்வேளையில் அருகில் நிற்பவர் பேராசிரியர் அல்லர், இளம் மருத்துவர்தான். "சந்தேகம் வந்தால் என்னை எழுப்பத் தயங்காதே" என்பதே என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்.

2019இல் நம் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் தலைக்கவசத்தின் வாரை மாட்டினார்களா என்று பாருங்கள். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் உங்களைச் சோதிக்க அனுமதி கேட்டால், இயன்றவரை மறுக்காதீர்கள். நாளை யாரோ ஒருவர் பிள்ளையின் காலைக் காப்பாற்றப்போகும் கை, இன்று உங்களிடம்தான் கற்றுக்கொள்கிறது. அதுவும் ஓர் அறமே.